பத்து ரூபாய் டிக்கெட்டும் என் பாடும்

மீஞ்சூரிலிருந்து பழவேற்காட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நிகழ்கலைத் துறை என்று ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் மாலை ஐந்தரைக்கு அதன் அரங்கில் ஏதாவது நடக்கும். பரதமா, வீணையா, கூத்தா, நாடகமா என்பது போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். மாணவர்களுக்கு அது பரீட்சை. வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் ஆடினால் மனது விட்டுப்போகும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். வெளி ஆட்களையும் பத்து ரூபாய் டிக்கெட்டில் உள்ளே விட்டார்கள். தை மாதத்திலிருந்து பங்குனி வரை நானும் என் மனைவியும் ஒரு வெள்ளி தவிர மற்ற எல்லா வெள்ளியும் போனோம்.

எங்களுக்குக் கலை ஆர்வம் வந்துவிட்டது என்று எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்தில் சிலர் கிண்டல் செய்தார்கள். அப்படி ஒன்றும் வரவில்லை. கார்த்திகைக் கடைசியில் எங்களுக்கு ஒரு மகன் பிறந்து பதினோரு நாள் இருந்து போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டில் உட்கார எங்களால் முடியவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் எதையாவது சொன்னார்கள். இன்னும் வயசு இருக்கிறது என்றார்கள், அடுத்தது தங்கும் என்றார்கள். நான் ஆமாம் என்றேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். இருவரும் அழவில்லை. ஆரம்பத்தில் அதைத் தைரியம் என்று எல்லோரும் பாராட்டினார்கள், பிறகு பயப்பட ஆரம்பித்தார்கள்.

என்னைக் கேட்டால், சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, அந்த மாதிரிதான் நான் மொத்தமாக இருந்தேன். மீஞ்சூரில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் எனக்கு ஒப்பந்த வேலை. ஸ்டோருக்குப் போனேன், நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தேன், வந்தேன். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஒருநாள் நைனா தட்டைத் தள்ளிவிட்டார். அதே சோற்றை நான் முழுக்கத் தின்று முடித்திருந்தேன்.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் எளாவூர். அவள் அப்பா காலத்திலேயே குடும்பம் மீன்பிடித் தொழிலை விட்டுவிட்டு அங்கே செக்போஸ்ட் பக்கம் டீக்கடை போட்டுவிட்டது. இப்போது கடை அவள் அண்ணனிடம். மனிதர் மிகவும் சாது. மார்கழியில் ஒருநாள் வந்து கூடத்தில் உட்கார்ந்து, தங்கை முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இவ இங்க இருந்தா கரைஞ்சிடுவா மச்சான். கொஞ்ச நாளு எங்க வூட்ல இருக்கட்டும். இப்பவே வேணாம். நீயே யோசிச்சி சொல்லும்மா. பங்குனி கடைசி ஞாயித்துக்கெழம வர்றேன். கெளம்பறேன்னா கூட்டினு போறேன்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். போனால் திரும்பி வர மாட்டாள். நான் ஒரு வார்த்தை, இரு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே வாயில் வரும்? நான் மச்சானுக்கு டீ ஆறுகிறது என்று சொன்னேன்.

அன்றைக்கு இன்னொரு பேச்சும் நடந்தது. பிள்ளை போன அன்று நான் ஆஸ்பத்திரியில் இல்லை. அதை மச்சான் நேராகக் கேட்கவில்லை. ஆனால் தம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் அது இருந்தது. அம்மா முந்திக்கொண்டாள்.

"அன்னிக்கி அவன் பாடுப்பா. போவாம எப்டி?"

உடனே என் மனைவியும் சொன்னாள். "ஆமாண்ணா. பாடு வந்துட்டா போயே ஆவணும். அது ஊர் கட்டுப்பாடு."

எங்கள் ஏரியில் இறால் ஓடுகிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். ஓர் இடம் போல் இன்னோர் இடம் இருக்காது. நல்ல இடத்தை ஒருவனே வைத்துக்கொண்டால் மற்றவன் வீட்டில் உலை வைக்க முடியாது. அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்று உனக்கு, நாளை எனக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். நமக்கு வருகிற முறைக்கும் பாடு என்றே சொல்வோம். கம்பெனி வேலைக்குப் போனாலும் என் பேர் அந்தப் பட்டியலில் உண்டு. அன்றைக்கு விடியற்காலை என் முறை. நான் ஏரியில் இருந்தபோது காலை பத்து மணிக்குப் பிள்ளை போய்விட்டான். ஆஸ்பத்திரியில் அவள் தனியாக இருந்தாள். எளாவூர்க்காரிக்கு ஏரிச் சட்டம் எதுவும் தெரியாது. பாடு வந்தால் புருஷன் போயே ஆக வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். அதை வைத்து அண்ணனிடம் எனக்காகப் பேசினாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகத்துக்குப் போனது தற்செயல்தான். தை பிறந்து, அவளை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போய்த் திரும்பும்போது பஸ் பாதி வழியில் மக்கர் செய்து எங்களை அந்த வாசலில் இறக்கிவிட்டது. அடுத்த பஸ் ஏழரைக்கு. மேஜை போட்டு இரண்டு பிள்ளைகள் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஃபேன் இருக்கும், உட்கார நாற்காலி இருக்கும் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு டீயும் ஒரு வடையும் விற்கிற விலைக்கு ஒரு ஆள் உள்ளே போகலாம்.

முதல் நாள் பரதம். ஒரு பெண் மேடைக்கு நடுவில் உட்கார்ந்து, இல்லாத குழந்தையை இல்லாத தொட்டிலில் போட்டு ஆட்ட ஆரம்பித்தாள். எழுந்து போய்விடலாமா என்று பக்கத்தில் பார்த்தேன். என் மனைவி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கால்ல செலங்க அவுந்து தொங்குது பாரு," என்றாள்.

பார்த்தேன். தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெண் அதை மறைக்கப் புடவையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டே தாலாட்டினாள். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அடுத்த வெள்ளிக்கிழமயும் கீதாம், போர்டுல போட்டிருக்கு," என்று அவளே சொன்னாள். அவளாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டு எத்தனையோ வாரம் ஆகியிருந்தது.

அப்படித்தான் போக ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து நான் வாசலில் நிற்பேன். அவள் பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவாள். என்னென்னவோ பார்த்தோம். ஒரு பையன் மிருதங்கம் வாசித்தபோது எதிரே மூன்று வாத்தியார்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் எழுத எழுத அவனுக்கு வியர்த்து, கை வழுக்கியது. கூத்துப் பரீட்சையில் துரியோதனனாக வந்தவனுக்குக் கிரீடம் பெரிதாகிப் போய், அதைப் பின்னால் நின்று பிடிக்கவே தனியாக ஒருத்தனைப் போட்டிருந்தார்கள். துரியோதனன் கோபத்தில் சுற்றினால் அவனும் சேர்ந்து சுற்ற வேண்டும். வீணை வாசித்த பெண்ணுக்குத் தந்தி அறுந்து, வேறு தந்தி வரும்வரை கால்மணி நேரம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால்மணி நேரமும் நாங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் எழுந்து போகவில்லை.

ரசித்தோமா என்று கேட்டால் எனக்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தெரியாது. மனதில் எதுவும் ஏறவில்லை. ஆனால் அங்கே எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார முடிந்தது. வேறு பிள்ளைகள் வியர்த்து விறுவிறுத்து ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்யப் பாடுபட்டார்கள். அதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. பத்து ரூபாய்க்கு அது அதிகம்தான்.

நாற்காலி விஷயத்தில் நான் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல். முதல் வெள்ளியன்று மூன்றாவது வரிசையில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தோம். மறுவாரம் நான்காவது வரிசை. அதற்கடுத்த வாரம் ஐந்து. ஒருநாள் தூண் மறைக்கிற இடம் வந்தது. மேடையில் பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதியில் யாரோ குதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. டிக்கெட் விற்கிற பிள்ளைகளில் ஒரு பெண் இதைக் கவனித்திருக்கிறாள். கண்ணாடி போட்ட, துறுதுறுவென்ற பெண். நாடகம் படிக்கிறவள். இடைவேளையில் வந்து குனிந்து கேட்டாள்.

"ஏன்ணா வாராவாரம் எடம் மாத்தி மாத்தி உக்கார்றீங்க? முன்னாடி காலியாதானே இருக்கு?"

"போன வாரம் நல்ல எடத்துல குந்திட்டோம்ல. இந்த வாரம் வேற ஆளு குந்தட்டும்."

"யாரு?"

"யாராச்சும்."

அன்றைக்கு அரங்கில் எங்களையும் சேர்த்துப் பதினாறு பேர் இருந்தோம். மற்றதெல்லாம் காலி நாற்காலி. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எந்த ஊர் என்று கேட்டாள். கோட்டைக்குப்பம் என்றதும் அவள் முகமே மாறிவிட்டது.

அவளுக்கு வருடக் கடைசிப் பரீட்சைக்கு ஒரு நாடகம் எழுதி இயக்க வேண்டும். டச்சுக்காரன் காலத்துப் பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறாள். கோட்டை பற்றி, கப்பல் பற்றி, துணி பற்றியெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதாம். டச்சுக் கல்லறை வாசலில் நிற்கிற எலும்புக்கூட்டுச் சிலைகளைக்கூடப் போட்டோ பிடித்து வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் ஏரிக்காரர்கள் எப்படி இருந்தார்கள் என்றுதான் எதிலும் இல்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமை கேன்டீனில் எங்களை உட்கார வைத்து, மூவருக்கும் டீ வாங்கி, செல்போனை மேஜையில் வைத்துப் பதிவை அழுத்தினாள். டச்சுக்காரனை ஏதோ நான்தான் வழியனுப்பி வைத்தேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"எங்க ஏரியில பாடு கீது," என்று ஆரம்பித்தேன். "சீட்டு போட்டு எடுப்போம். யார் பேருக்கு வுழுதோ அவன் தண்ணியில எறங்கி எடுப்பான். கழுத்தளவு தண்ணி. பொறுமயா எடுக்கணும், நடுவுல வுட்டுட்டு வர முடியாது."

"ஒருத்தரோட பாட இன்னொருத்தர் எடுக்கலாமா?"

"கூடாது. வெட்டுக்குத்து ஆயிடும்."

"டச்சுக்காரங்க காலத்துலயும் இது இருந்திருக்குமா?"

"இருந்துச்சின்னு எங்க நைனா சொல்வாரு. அவரு எங்க பாத்தாரு."

என் மனைவி லேசாக உதட்டைச் சுழித்தாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூன்று மாதமாக யாரும் என்னிடம் எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்கவில்லை. கேட்டதற்கு மேல் பேச ஆரம்பித்தேன். அந்தப் பெண் பேனாவைக் கடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள்.

"சீட்டு விழுந்தவர் அன்னிக்கு வரலைன்னா என்னண்ணா பண்ணுவாங்க?"

"வரலன்னா இன்னா? மூணு தபா பேர் சொல்லிக் கூப்டுவாங்க. வர்லன்னா அடுத்த ஆளு எறங்குவான்."

"அபராதம், அந்த மாதிரி?"

"சேச்சே. ஒண்ணும் ஆவாது. சாவு, நோவு, புள்ளப்பேறு, ஆயிரம் இருக்கும் மனுசனுக்கு. சொல்லி அனுப்ச்சா போதும். அடுத்த சுத்துல சேத்துக் குடுத்துடுவாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது. பக்கத்தில் என் மனைவி டீக்கப்பை மேஜையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். அந்தப் பெண் எதையும் கவனிக்காமல் எழுதிக்கொண்டே, "சூப்பர்ணா, இத வெச்சே ஒரு சீன் பண்ணலாம்," என்றாள்.

அன்று நிகழ்ச்சியை முழுக்கப் பார்த்தோம். என்ன நிகழ்ச்சி என்று இப்போது ஞாபகம் இல்லை. பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை. வழக்கம்போல் சோறு போட்டாள். கத்தினால் தேவலை என்று இருந்தது. பயம் என்பது எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. அது மட்டும் முதலில் திரும்பி வந்தது. அடுத்த வெள்ளி அவள் வரவில்லை. நான் வாசலில் இரண்டு பஸ் பார்த்துவிட்டு, டிக்கெட் எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன். வயிறு சரியில்லை என்றாள்.

நாடகம் பங்குனியின் கடைசி வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த ஞாயிறு அவள் அண்ணன் வருகிற நாள். அந்தப் பெண் போன் செய்து, நீங்கள் இரண்டு பேரும் இல்லாமல் இந்த நாடகமே இல்லை, கட்டாயம் வரணும் என்று ஒரே பிடிவாதம் பிடித்தாள். நான் போனை மனைவியிடம் நீட்டினேன். "வர்றோம்மா," என்று அவள் சொல்லிவிட்டாள்.

அன்று கூட்டம் இருந்தது. முதல் வரிசையில் எங்களுக்கென்று இரண்டு நாற்காலியில் பேப்பர் ஒட்டி வைத்திருந்தார்கள். அட்டையில் செய்த தொப்பியும் பஞ்சு மீசையுமாக ஒரு டச்சு அதிகாரி வந்து நின்றான். இரண்டு பேர் ஒரு நீலத் துணியை மேடைக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்தார்கள். துணிக்கு மேலே கழுத்தளவில் ஏழு தலைகள். ஏரிக்காரர்களாம். ஒருத்தன் பானையில் கைவிட்டுச் சீட்டு எடுத்து ஒரு பேரைக் கூப்பிட்டான். கூப்பிட்டதும் ஒரு தலை மூச்சை இழுத்துக்கொண்டு உச்சஸ்தாயியில் பாட ஆரம்பித்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த சீட்டு, அடுத்த தலை, அடுத்த பாட்டு. டச்சுக்காரன் சவுக்கோடு அங்கும் இங்கும் நடந்து, நல்லாப் பாடினவனுக்கு வரி போட்டான்.

என் மனைவிதான் முதலில் பிடித்தாள். என் தொடையில் ஒரு அடி வைத்தாள். "யோவ். பாடுன்னா பாட்டுன்னு நெனச்சிட்டா அந்தப் பொண்ணு."

நான் கேன்டீனில் சொன்னதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். சீட்டு போட்டு எடுப்போம். கழுத்தளவு தண்ணி. பொறுமையாக எடுக்கணும், நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. ஒருத்தன் பாட்டை இன்னொருத்தன் எடுத்தால் வெட்டுக்குத்து. எல்லாம் அட்சரம் பிசகாமல் மேடையில் நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது தலை பாடி முடித்துவிட்டு இருமியதும் என் மனைவி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரிச் சிரித்தாள். பின்னாலிருந்து யாரோ உஸ் என்றார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஏரியில் வலை வைக்கும்போது நாங்கள் ஒரு தும்மல் போட்டாலும் வசவு விழும். ஒரு நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். அது சந்தோஷம்தான் என்று அப்போதே தெரிந்தது.

பானையிலிருந்து நான்காவது சீட்டு வந்தது. கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், தலைகளுக்கு நடுவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறையும் கூப்பிட்டார்கள். அரங்கில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது. பிறகு பக்கத்துத் தலை நகர்ந்து வந்து அந்த இடத்தில் நின்று பாட ஆரம்பித்தது. டச்சுக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாடகம் பாட்டுக்கு அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.

"நீ சொன்ன மாரியே செஞ்சிருக்காங்க," என்றாள் என் மனைவி. சிரிப்பு நின்றிருந்தது.

முடிந்ததும் அந்தப் பெண் ஓடிவந்து எப்படி இருந்தது என்று கேட்டாள். முகமெல்லாம் வியர்வை. பாடு என்றால் என்னவென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "டச்சுக்காரன் பாத்தாக்கூட அசந்துடுவான்," என்றேன். அவள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி அவள் கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அவள் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"அண்ணங்கிட்ட அன்னிக்கி நான்தான் சொன்னேன்," என்றாள். "அவரு பாடு, போவாம இருக்க முடியாதுன்னு. நீ நின்னு கேட்டுகினு இருந்த."

"ஆமா."

"போவலன்னா ஒண்ணும் ஆவாதுன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்ப ஏன் போன?"

சொல்வதற்கு எனக்குக் காரணங்கள் இருந்தன. இறால் சீசன். ஆஸ்பத்திரிச் செலவு. டாக்டர் முதல் நாள் இரவு பரவாயில்லை என்று சொன்னது. நாலு மாதமாக அவற்றை அடுக்கி வைத்திருந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருந்திச்சி," என்றேன். "அவ்ளோ சின்ன மூக்கு. அதுல டியூப்ப வெச்சி பிளாஸ்திரி ஒட்டியிருந்தாங்க. என்னால பாக்க முடியல மே. பாடுன்னு நைனா போன் பண்ணாரு. ஓடிட்டேன்."

ரோட்டில் ஒரு மணல் லாரி போனது. அது போய் முடியும் வரை காத்திருந்து சொன்னாள்.

"எனக்குந்தான் பயமா இருந்திச்சி. நா எங்க ஓடறது?"

பஸ் வந்தது. ஏறினோம். உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு நெஞ்சில் வலி என்று சொல்கிற மாதிரியே வலித்தது. பிள்ளை போய் நாலு மாதம் கழித்து, கூட்டமான பஸ்ஸில், கண்டக்டர் சில்லறை கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் அழுதேன். அவள் பார்த்தாள். என்னைத் தொடவில்லை. சில்லறையை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அவள் பையில் துணி எடுத்து வைத்தாள். நான் அறை வாசலில் நின்றேன்.

"போவாத," என்றேன்.

"ஏன்?"

"தெர்ல," என்றேன். அவள் இன்னொரு புடவையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மச்சான் ஆட்டோவில் வந்தார். ஆட்டோவை நிறுத்தியே வைத்திருந்தார். அம்மா டீ கொடுத்தாள். என் மனைவி பையோடு வந்து கூடத்தில் நின்றாள். நைனா எழுந்து வெளியே போய்விட்டார்.

"கெளம்பலாமா?" என்றார் மச்சான்.

"நா வர்லண்ணா."

"ஏம்மா? பை கட்டி வெச்சிருக்க. மனசு மாறிட்சா?"

"மனசுலாம் ஒண்ணும் மார்ல. இவருகிட்ட கேக்க வேண்டியது இன்னும் கீது. அங்க வந்துட்டா நா யாரக் கேக்கறது?"

மச்சான் என்னைப் பார்த்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னாலேயே, எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி பத்து மணிக்கு நீ ஏரியில இன்னா பண்ணிகினு இருந்த?"

நானும் தரையில் உட்கார்ந்தேன். "வலையில எறா நல்லா வுழுந்திருந்திச்சி," என்றேன். "பொறுக்கிகினு இருந்தேன். பக்கத்துப் படகுக்காரன் ஏதோ சொன்னான். சிரிச்சிகினு இருந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

"செரி. அப்பறம்?" என்றாள்.